அளவெடுத்துத் தைத்த படகு

கிரீன்லாந்தில் ஒருவருக்குக் கயாக் கட்டும்போது அவர் உடம்புதான் அளவுகோல். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல்நுனிக்கும் மறு விரல்நுனிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதில் ஏறக்குறைய மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டிகளைச் சேர்த்தால் உட்காரும் இடத்தின் அகலம். கையை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தினால் கிடைக்கும் உயரம் படகின் ஆழம். ஊருக்கு ஊர் கணக்கு சற்று மாறும். உடம்பிலிருந்து அளவெடுப்பது மாறாது. இப்படிக் கட்டிய படகு 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமும் 50 முதல் 55 செ.மீ. அகலமுமாக வரும். உள்ளே உட்காருபவரின் இடுப்பு, தொடை, பாதம் எல்லாம் படகைத் தொட்டபடியே இருக்கும். அண்ணனுக்குக் கட்டியது தம்பிக்குச் சேராது.

இன்று தூண்டில்காரர்களுக்கென்று கடையில் விற்கும் கயாக்கின் அகலம் 85, 90 செ.மீ. யார் வேண்டுமானாலும் ஏறலாம். எழுந்து நின்றே தூண்டில் வீசலாம். பெயர் ஒன்றுதான், உடம்பு வேறு. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எது நல்ல கயாக்?’ என்று. அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எந்தத் தண்ணீரில், எந்த வேலைக்கு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது கேள்வியாகும். கயாக் வந்த வழியைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். அந்த மூன்றில் ஒன்று மாறியபோதெல்லாம் அதன் உடம்பும் மாறியிருக்கிறது.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் டிஸ்கோ விரிகுடாவில், கெகெர்த்தசுஸ்ஸுக் என்ற இடத்தில் தோண்டியெடுத்த கயாக் சட்டத் துண்டுகள் சுமார் 4,000 ஆண்டுப் பழமையானவை. சாக்காக் என்று அழைக்கப்படும் பண்பாட்டு மக்களுடையவை. மரம் முளைக்காத கரை அது. சட்டத்துக்கான மரத்தைக் கடல்தான் கொண்டுவந்து தந்தது. சைபீரிய ஆறுகள் அடித்துவந்த மரங்கள் பனிப்பாளங்களோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மிதந்து கரை ஒதுங்கும். அதைப் பிளந்து, இழைத்து, முளை அடித்து, தோல்வாரால் கட்டுவார்கள். முளையும் கட்டுமாக நின்ற சட்டம் விறைப்பாக இருக்காது, அலை வந்தால் நெளிந்து கொடுக்கும். அதன்மேல் சீல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள்.

தைத்தவர்கள் பெண்கள். கயாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் வேட்டைக்காரனின் வீரத்தை எழுதிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வந்துவிடக் கூடாது. தோலின் பாதிக் கனத்திலேயே நுழைந்து வெளியே வர வேண்டும். ஒரு தையலை மறைத்து இன்னொரு தையல். நூலாகப் பயன்பட்டது விலங்கின் தசைநாண். நனைந்தால் அது உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். தையல்மேல் கொழுப்பைத் தேய்ப்பார்கள். தோல் உழைத்துத் தேய்ந்ததும் உரித்துவிட்டு மறுபடி புதிதாகப் போர்த்த வேண்டும். கணவனோ மகனோ கடலிலிருந்து திரும்புவது அந்தத் தையலைப் பொறுத்தது. படகைச் சட்டம் கட்டியவன் பெயரில் சொல்வது வழக்கம். உயிரைத் தாங்கியது தோலும் நூலும்தான்.

படகு ஏன் அவ்வளவு ஒடுக்கம்? முதல் காரணம் வேட்டை. சீல் தலையை நீட்டி மூச்சு வாங்கும் நேரத்துக்குள் சத்தமில்லாமல் அருகே போக வேண்டும். தாழ்வான, ஒல்லியான படகு தண்ணீரைக் கலைக்காமல் போகும். மேல்தட்டில் எறியீட்டியும், சுருட்டிய கயிறும், கயிற்றின் நுனியில் காற்றடைத்த சீல் தோல் மிதவையும் இருக்கும். ஈட்டி பட்ட விலங்கு இழுத்துக்கொண்டு ஓடினால் இழுபடுவது மிதவை, படகு அல்ல.

இரண்டாவது காரணம் அலை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படகு தேர்வில் பாதி விஷயம் இதில் இருக்கிறது. அகலமும் தட்டையுமான அடிப்பகுதி எப்போதும் தண்ணீர்ப் பரப்போடு ஒட்டியே கிடக்கப் பார்க்கும். குளத்தில் அது நிம்மதி. பக்கவாட்டிலிருந்து அலை வந்தால் தண்ணீர்ப் பரப்பே சாய்கிறது. படகும் அதோடு சாய்கிறது, உட்கார்ந்திருப்பவரையும் சாய்க்கிறது. ஒடுங்கிய படகு ஏறியவுடன் ஆடும், புதியவரைப் பயமுறுத்தும். ஆனால் அலை அடியில் உருண்டு போகும்போது இடுப்பை லேசாக அசைத்தால் போதும், மேலுடம்பு நேராக நிற்கும். உட்கார்ந்ததும் தெரியும் திடம் வேறு, சாய்ந்த பிறகு கைகொடுக்கும் திடம் வேறு. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

கவிழ்ந்தால்? பனிக்கட்டி மிதக்கும் கடலில் நீந்திப் பிழைக்க வழியில்லை. அதனால் படகைவிட்டு வெளியே வரும் பேச்சே கிடையாது. டூலிக் என்ற சீல் தோல் சட்டையின் கீழ்விளிம்பைப் படகின் வாய்வளையத்தில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். துடுப்பாலோ, ஈட்டி வீசும் கட்டையாலோ, வெறும் கையாலோ ஒரு வீச்சு வீசி மறுபடி நிமிர்வார்கள். உடம்போடு பொருந்திய படகு என்பதால் இடுப்பைத் திருப்பினால் படகு திரும்பும். பொருத்தம் தளர்ந்த படகில் இந்த வித்தை நடக்காது.

இந்தப் படகின் திறமையே ஒரு மக்கள் கூட்டத்துக்கு வினையான கதையும் உண்டு. அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அல்யூஷியன் தீவுகளில் உனங்கன் மக்கள் கட்டிய கயாக்கை ரஷ்யர்கள் பைதார்கா என்றார்கள். அதன் முன்முனை இரண்டாகப் பிளந்திருக்கும். கடல்வேகத்துக்கென்று பிறந்த படகு. 1741இல் பேரிங் தலைமையில் புறப்பட்ட பயணத்தில் உயிர்தப்பித் திரும்பியவர்கள் கடல் நீர்நாய்த் தோல்களோடு வந்தார்கள். அந்தத் தோலுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து வணிகர்கள் தீவுகளுக்குப் படையெடுத்தார்கள். கடல் நீர்நாயை விரட்டிப் பிடிக்க அவர்களுக்குத் தெரியாது; பைதார்காக்காரர்களுக்குத்தான் தெரியும். குடும்பத்தாரைப் பிணையாக வைத்துக்கொண்டு ஆண்களை வேட்டைக்கு விரட்டினார்கள். ஒருவரும் இருவரும் அமர்ந்த படகில் மூன்றாவது வாய் திறக்கப்பட்டது. நடுவில் ரஷ்யர் உட்கார்ந்து வர. 1812இல் கலிபோர்னியாவில் ராஸ் கோட்டை எழுந்தபோது இந்த வேட்டைக்காரர்களை அங்கு வரைக்கும் கொண்டுபோனார்கள். நோயாலும் வன்முறையாலும் தீவு மக்கள் தொகை சரிந்தது, கடல் நீர்நாயும் அழிவின் விளிம்புக்குப் போனது. துடுப்பைப் போட்டவர் ஒருவர், போகுமிடத்தை முடிவு செய்தவர் இன்னொருவர் என்ற நிலையில் அந்தப் படகு கடந்த தூரம் அது.

ஐரோப்பாவுக்குக் கயாக் முதலில் ஒரு வியப்புப் பொருளாகத்தான் போனது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கரையருகே ஒரு மனிதரோடு பிடிபட்டது அது. யாரும் அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கட்டிக்கொள்ள நினைக்கவில்லை. அதற்கு 1865 வரவேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்டிஷ் வழக்கறிஞர், லண்டனில் லாம்பெத் பகுதியில் இருந்த சேர்ல் என்ற படகுக்காரரிடம் ஒரு படகு கட்டச் சொன்னார். ஓக் பலகை உடம்பு, தேவதாரு மேல்தட்டு. நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், அதாவது 71 செ.மீ. எடை 80 பவுண்டு, நம் கணக்கில் 36 கிலோ. ராப் ராய் என்று பெயர் வைத்தார். இரட்டைத் துடுப்பும் மூடிய மேல்தட்டும் மட்டும் வடக்கிலிருந்து வந்தவை. மற்றதெல்லாம் அவருடைய வேலைக்கு ஏற்றபடி. அவருடைய வேலை வேட்டை அல்ல, ஊர் சுற்றுவது. ரயிலில் ஏற்ற வேண்டும், மாட்டுவண்டியில் வைக்க வேண்டும், ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் மிதக்க வேண்டும். பதினைந்து செ.மீ.க்கு மேல் அகலம் கூடியது இந்தக் காரணத்தால்தான். ‘ராப் ராய் கனூவில் ஆயிரம் மைல்’ என்ற அவருடைய நூல் 1866இல் வெளிவந்து பரபரப்பாக விற்றது. பொழுதுபோக்குக்காகத் துடுப்பு போடுவது ஒரு பழக்கமாக ஊன்றியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் 36 கிலோ ஓக் படகை வீட்டில் வைக்க இடம் வேண்டுமே? நகரத்து மாடி அறையில் இருப்பவர் என்ன செய்வார்? மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃப்ரட் ஹூரிச் 1905இல் இதற்கு வழி கண்டார். மூங்கில் கழிகளால் சட்டம், மேலே பாய்த்துணி. பிரித்தால் பைக்குள் அடங்கும். அதை எடுத்துக்கொண்டு பாட் தோல்ஸ் ஊரிலிருந்து ஈசார் ஆற்றில் மியூனிக் வரை வந்தார். ரோசன்ஹைமில் யோஹான் கிளெப்பர் என்ற தையற்காரர் 1907இல் அந்த உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். கயாக் மறுபடியும் தைக்கிறவர் கைக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. சட்டத்தின்மேல் உறை என்ற வடக்கத்திய உத்தி அப்படியே இருந்தது. தோலுக்குப் பதில் ரப்பர் பூசிய துணி, ஒருவருக்கான அளவுக்குப் பதில் எல்லோருக்குமான அளவு. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பையோடு ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, ஆற்றோடு வீடு திரும்பும் கூட்டம் ஜெர்மனியில் பெருகியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடிப்புக் கயாக்குக்கே தனிப் போட்டி இருந்தது.

இந்த மடிப்புக் கயாக்தான் நம் கடலுக்கும் வந்தது. ஆஸ்கர் ஸ்பெக், ஹாம்பர்க்கைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன். பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனது. சைப்ரஸ் செப்புச் சுரங்கங்களில் வேலை கிடைக்கலாம் என்று கேள்விப்பட்டு, 1932 மே மாதம் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் தன் மடிப்புக் கயாக்கை இறக்கினார். ஐந்தரை மீட்டர் நீளப் படகு, ஒரு சிறிய பாய், காலால் திருப்பும் சுக்கான். சைப்ரஸுக்கு வந்தவர் வேலை தேடவில்லை. தொடர்ந்து போக முடிவு செய்தார். யூப்ரடீஸ் ஆற்றில் இறங்கிப் பாரசீக வளைகுடா, அங்கிருந்து இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, பிறகு சோழமண்டலக் கரையோடு வடக்கே சென்னை, கல்கத்தா, பர்மா, மலேயா, ஜாவா, நியூகினி. நடுவில் மலேரியா, பணத்துக்காகக் காத்திருப்பு, ஜெர்மனியிலிருந்து புதிய படகு வரும்வரை தங்கல். ஏழாண்டில் அவர் கடந்தது ஏறத்தாழ 50,000 கி.மீ. என்று சொல்லப்படுகிறது. 1939 செப்டம்பரில் டோரஸ் நீரிணையின் சாய்பாய் தீவில் கரையேறியபோது போர் தொடங்கிவிட்டிருந்தது. எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியாவிலேயே ஓப்பல் கல் வேலையில் இறங்கி அங்கேயே வாழ்ந்தார். அவர் பொருட்கள் சிட்னியில் ஆஸ்திரேலிய தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஸ்பெக் நம் கரையைக் கடந்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். திறந்த கடலில் மணிக்கணக்காகத் துடுப்பு போடுவது அவர் படகுக்குப் பிரச்சினை இல்லை. கரையேறுவதுதான் பிரச்சினை. கரையில் உடையும் அலை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் கயாக் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அதே கரையில், அதே அலையில், நம் மீனவர்கள் கட்டுமரத்தில் நாள்தோறும் போய்வந்தார்கள். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று இல்லை. நாலைந்து மரத்தை அணியம் மேல்நோக்கி வளையும்படி சேர்த்துக் கட்டியது அது. மேலே ஏறிய அலை மரங்களுக்கிடையே வழிந்து போய்விடும், இறைக்க வேண்டிய வேலை இல்லை. கவிழ்ந்தால் பிடித்து ஏறிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான கடலில் உடம்பு நனைவது குற்றமில்லை. கயாக் உடம்பைத் தண்ணீரிடமிருந்து மறைக்கப் பிறந்த படகு. அதன் தாய்க்கடலில் நனைந்தால் சாவு. இரண்டு கடலும் இரண்டு தீர்வைத் தந்தன. இந்த வித்தியாசம் சில பத்தாண்டுகள் கழித்துக் கயாக்கின் உடம்பையே மாற்றப்போகிறது.

அதற்குமுன் போர் இந்தப் படகை எடுத்துக்கொண்டது. 1942 டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பத்துப் பேர், தட்டையான ப்ளைவுட் அடியும் துணிப் பக்கமும் கொண்ட இருவர் படகுகளில், பிரான்சின் ஜிரோந்து கழிமுகம் வழியே போர்தோ துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெடி வைக்கப் போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் இருவர். 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகுக்கு கிரைட், அதாவது கட்டுவிரியன், என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அதிலிருந்து இறங்கிய மூன்று மடிப்புக் கயாக்குகள் இரவில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் புகுந்து ஜப்பானியக் கப்பல்களைத் தகர்த்தன. கயாக் சத்தமின்றி அணுகும் என்பதை வேட்டைக்காரர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். ஆனால் விலை கொடுத்தது வேறு யாரோ. வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்திருக்க முடியும் என்று நம்பாத ஜப்பானியர் அக்டோபர் 10 முதல் சிங்கப்பூரில் 57 பேரைப் பிடித்து வதைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். அந்தத் தாக்குதலைச் சாகசமாகச் சொல்கிற எந்தப் பக்கத்திலும் இந்த 15 பேரும் இடம்பெற வேண்டும்.

போருக்குப் பின் கண்ணாடியிழை வந்தது. அப்போது ஒரு தனி மனிதரின் அளவு ஆயிரக்கணக்கானவர்களின் அளவான அரிய நிகழ்ச்சி நடந்தது. 1959இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென்னத் டெய்லர் மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் ஊருக்குப் போனார். அங்கே எமானுவேலே கோர்னேலியுசன் என்ற கைவினைஞர் அவருக்கென்று ஒரு கயாக் கட்டித் தந்தார். ஸ்காட்லாந்துக்கு வந்த அந்தப் படகை 1964இல் டங்கன் வின்னிங் அளந்து வரைந்தார். அந்த வரைபடத்தை வைத்து ஜெஃப் பிளாக்ஃபோர்ட் தனக்குப் பொருந்துமாறு சற்று நீட்டி ப்ளைவுட்டில் கட்டினார். 1970களில் அதிலிருந்து அச்செடுத்த கண்ணாடியிழைப் படகு அனாஸ் அக்யூட்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய கடல் கயாக்குகள் பலவற்றுக்கு அது முன்னோடி. ஒரு கிரீன்லாந்துக் கைவினைஞர் ஒரு மாணவரின் இடுப்பைப் பார்த்துக் கட்டியது இத்தனை பேருக்குக் கடலைத் திறந்துவிட்டிருக்கிறது.

அதே கலிபோர்னியாவில், கடல் நீர்நாயை வேட்டையாடிய கரையில், அடுத்த திருப்பம் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் மாலிபுவில் டிம் நீமியர் என்ற இளைஞர் ஒரு பெரிய அலைச்சறுக்குப் பலகையில் உட்காரவும் முக்குளிப்புச் சாமான் வைக்கவும் பள்ளம் தோண்டினார். மூழ்கி இறால் பிடிக்கப் போகிறவருக்குப் படகுக்குள் செருகி உட்காருவது உதவாது. குதிக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அவர் செய்ததில் உள்ளறை இல்லை, மேலே உட்காருவதுதான். விழுந்த தண்ணீர் துளை வழியே கடலுக்கே திரும்பிவிடும். கட்டுமரத்தை அவர் பார்த்தாரா இல்லையா என்பது முக்கியமல்ல. வெதுவெதுப்பான கடலும் மீன்பிடி வேலையும் சேர்ந்தால் மனிதர் எங்கிருந்தாலும் இந்த வழிக்குத்தான் வருவார் போலும்.

அவருக்குத் துணைவந்தது பிளாஸ்டிக். 1973இல் ஹாலோஃபார்ம் நிறுவனம் ரிவர் சேசர் என்ற கயாக்கைச் சுழல்வார்ப்பில் செய்தது. பாலிஎத்திலீன் தூளை உலோக அச்சுக்குள் போட்டுச் சூடேற்றி, அச்சை இரண்டு திசையிலும் உருட்டினால், உருகிய பிளாஸ்டிக் உள்சுவரெங்கும் படிந்து, தையலோ இணைப்போ இல்லாத ஒரே உடம்பாக வரும். பாறையில் மோதினாலும் உடையாது, விலை குறைவு. தையலால் உயிர் வாழ்ந்த படகு தையலே இல்லாததாக ஆனது. உள்ளறை இல்லாத வடிவம் இந்த முறைக்கு அருமையாகப் பொருந்தியது. தூண்டில்காரர்கள் அதை விடவில்லை. தூண்டில் குத்தி வைக்கத் துளை, மீன்பெட்டி வைக்கப் பின்னால் பள்ளம், உயர்ந்த நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இருக்கை உயர்ந்தால் உடம்பின் கனம் மேலே போகிறது. அதைத் தாங்க அகலம் கூட வேண்டும். அகலம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் துடுப்பு போதாது. 1997இல் ஹோபி நிறுவனம் பெங்குவின் சிறகடிப்பதைப் போல அடியில் இரு தகடுகள் அசையும் மிதிவிசையைக் கொண்டுவந்தது. கை தூண்டிலுக்கு, கால் ஓட்டத்துக்கு. வேட்டைக்காரனின் படகு சுற்றிச் சுற்றி மறுபடியும் உணவு தேடும் வேலைக்கே வந்திருக்கிறது.

வடக்கில் பழையது முற்றிலும் போய்விடவில்லை. கிரீன்லாந்தில் மோட்டார் படகுகள் கயாக்கை ஓரங்கட்டின. ஆனாலும் கானாக் பகுதியில் நார்வால் திமிங்கிலத்தை இன்னமும் கயாக்கிலிருந்து ஈட்டியெறிந்து பிடிக்கிறார்கள், மோட்டார் சத்தம் கேட்டால் அது ஓடிவிடும் என்பதால். 1980களில் கயாக் சங்கங்கள் எழுந்து, கட்டும் கலையையும் கவிழ்ந்து நிமிரும் வித்தையையும் இளையவர்களுக்குக் கற்றுத் தந்தன. 

இப்போது வாங்கப் போகிறவருக்கு வருவோம். முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள். ஏரி, நீர்த்தேக்கம், காயல், கழிமுகம் என்றால், அங்கேயே நின்று தூண்டில் வீச வேண்டுமென்றால், அகலமான மேலமர் கயாக் சரியான தேர்வு. 3 மீட்டர் சொச்சம் நீளம் போதும். குட்டையான படகு சதுப்புச் செடிகளுக்கிடையே எளிதாகத் திரும்பும். நாளெல்லாம் கரையோரமாகத் தூரம் போகிறவருக்கு அதே படகு சித்திரவதை. நீளமான படகு ஒரே உழைப்பில் வேகமாகப் போகும், நேராகவும் போகும். 4 மீட்டருக்குக் குறையாமல் நீளமும் 70 செ.மீ.யை ஒட்டிய அகலமும் உள்ளதைப் பாருங்கள். மாலையில் எதிர்க்காற்று எழுந்தபின் மூன்று கிலோமீட்டர் திரும்பி வரும்போது அந்தப் பதினைந்து செ.மீ.யின் அருமை தெரியும்.

நம் வெப்பநிலையில் உள்ளமர் கயாக்கை நான் தூண்டில்காரருக்குச் சொல்லமாட்டேன். குறிப்பாக, அகன்ற வாயும் உள்ளே தடுப்புச்சுவர் இல்லாமலும் மலிவாகக் கிடைக்கும் குட்டைப் படகுகளை ஏரியின் ஓரத்தைத் தாண்டிக் கொண்டுபோகவே கூடாது. அவை கவிழ்ந்தால் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் உள்ளே புகும். நடுத் தண்ணீரில் தனியாளாக அதை வெளியேற்ற முடியாது. முன்னும் பின்னும் அடைத்த தடுப்புச்சுவரும், வாயை மூடும் பாவாடையும், கவிழ்ந்து நிமிரும் பயிற்சியும் இருப்பவருக்கு மட்டுமே உள்ளமர் படகு கடலில் நண்பன்.

எடையை யாரும் போதிய அளவு யோசிப்பதில்லை. மிதிவிசை கயாக்குகள் சாமான் எல்லாம் சேர்த்து 50 கிலோவைத் தாண்டும். காரின் மேல் தனியாக ஏற்ற முடியாத படகு வீட்டுச் சுவரில் சாய்ந்தே கிடக்கும். மிதிவிசைக்குத் தண்ணீரில் ஆழமும் வேண்டும். பாசி படர்ந்த ஆழமற்ற குளத்தில் துடுப்பே மேல். படகு தாங்கும் எடை என்று தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பது மூழ்காமல் மிதக்கும் எல்லை. உங்கள் எடை, உடை, தண்ணீர், மீன்பெட்டி எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்துவது நல்லது. நிறைந்த சுமையில் வடிகால் துளை வழியே தண்ணீர் மேலே ஏறி, நாள் முழுக்க நனைந்த இருக்கையில் உட்கார வைக்கும். நங்கூரத்தைப் படகின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். ஓட்டமுள்ள தண்ணீரில் அது ஒரு பக்கத்தைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். வெயில்தான் பிளாஸ்டிக்கின் எமன். நிழலில், பக்கவாட்டில் கிடத்தி வையுங்கள். வெயிலில் அடிப்பாகம் அழுந்தும்படி வைத்தால் குழி விழும்.

விலை பேசுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். கடைக்காரரிடமோ, ஏற்கெனவே அதே படகு வைத்திருப்பவரிடமோ கேட்டு, உயிர்காப்பு உடை அணிந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, கால் எட்டாத ஆழத்துக்குப் போங்கள். அங்கே வேண்டுமென்றே கவிழ்ந்து, படகை நிமிர்த்தி, தண்ணீரிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள். கால்களைப் பின்னால் உதைத்து, வயிற்றின்மேல் படுத்து, திரும்பி, உட்கார வேண்டும். முதல் முறை சிரமமாக இருக்கும், மூன்றாவது முறை வந்துவிட வேண்டும். களைத்த பிறகும் ஒருமுறை ஏறிப் பாருங்கள், ஏனென்றால் உண்மையில் கவிழ்வது அப்போதுதான். ஏற முடியவில்லையென்றால், தூண்டில் குத்த எத்தனை துளை இருந்தாலும், நாற்காலி எவ்வளவு சொகுசாக இருந்தாலும், அதை விட்டுவிட்டு இன்னும் தாழ்வான, எடை குறைந்த ஒன்றைத் தேடுங்கள்.